கொன்ட்ராவின் முப்பது உயிர் எங்கே போனது? பழைய கேம்களின் சீற் கோட்டும் ரசிகர் திருத்தமும்

திருகோணமலை மத்திய வீதியிலும் என்.சி. வீதியிலும் கைபேசிக் கடைகளில் ‘400 இன் 1’ என்று எழுதிய உள்ளங்கை அளவுக் கேம் பெட்டிகள் வரிசையாகத் தொங்குகின்றன. பிள்ளைக்கென்று வாங்கிப்போகிற தகப்பன்மார் இரண்டு நாளில் தாங்களே அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். பிறகு கேள்விகள் வருகின்றன. “அண்ணை, அந்தக் காலத்து ரீவி கேமில மேல் மேல் கீழ் கீழ் அடிச்சா முப்பது உயிர் வந்தது, இதில வரேல்லையே?” “கொம்பியூட்டரில போட்டா மரியோ ஏன் இவ்வளவு வேகமா ஓடுது?” “நெற்றில எடுத்த திருத்தத்தைப் போட்டன், கறுப்புத் திரைதான் வருது.”

மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில் தொடங்குகிறது. கேமின் கடினம் சில எண்களில் இருக்கிறது: எத்தனை உயிர், ஒரு அடிக்கு எவ்வளவு சேதம், நொடிக்கு எத்தனை படச்சட்டம் (திரையில் அடுத்தடுத்து மாறும் ஒவ்வொரு படமும் ஒரு சட்டம்). சீற் என்பது அந்த எண்ணில் கைவைப்பது. எண் பெட்டிக்குள் எந்த இடத்தில் இருக்கிறது, நாம் எந்த இடத்தில் கைவைக்கிறோம் என்று தெரிந்தால், எது வேலை செய்யும், எது பிசகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

முதலில், ஏன் இவ்வளவு கடினம்?

1. இடம் போதாது. 1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைற்று. இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு சாதாரணப் படம் அதைவிடப் பெரியது. முப்பது உயிர்க் கோட்டுக்குப் பேர்போன, 1988இன் சுடும் கேமான கொன்ட்ரா 128 கிலோபைற்று. நன்றாக ஆடுபவர் அரை மணித்தியாலத்தில் முடித்துவிடக்கூடிய கேமை மாதக்கணக்கில் ஆட வைக்க வேண்டுமானால், திரும்பத் திரும்பச் சாக வைப்பதுதான் மலிவான வழி.

2. காசு போடும் இயந்திரத்தின் பரம்பரை. கொன்ட்ரா, கோஸ்ட்ஸ் அன் கொப்லின்ஸ் போன்றவை முதலில் ஆர்கேட் இயந்திரங்களுக்காகச் செய்யப்பட்டவை. அங்கே ஒவ்வொரு சாவும் இன்னொரு நாணயம். வீட்டுக்கு வந்தபோதும் அந்தக் குணம் போகவில்லை. கோஸ்ட்ஸ் அன் கொப்லின்ஸை முதல் தடவை முடித்தால் உண்மையான முடிவு வராது. முழுக் கேமையும் இரண்டாம் முறை ஆட வேண்டும்.

3. நாட்டுக்கு நாடு வேறு எண். நிஞ்சா கெய்டன் மூன்றின் ஜப்பான் பதிப்பில் விட்ட இடத்திலிருந்து பிறகு தொடரக் கடவுச்சொல் உண்டு, உயிர் முடிந்தபின் மீண்டும் ஆட விடும் கண்டினியூவுக்கு எல்லை இல்லை. அமெரிக்கப் பதிப்பில் கடவுச்சொல்லை எடுத்துவிட்டு, கண்டினியூவை ஐந்தாகக் குறைத்து, எதிரியின் அடியையும் கூட்டினார்கள். அமெரிக்காவில் கேம்களை வாடகைக்கு எடுத்து ஒரு வார இறுதிக்குள் முடித்துவிடுவார்கள் என்ற பயம் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுவதுண்டு. ‘அசல் கடினம்’ என்று பெருமை பேசுபவர்கள் எந்த நாட்டு அசல் என்று முதலில் சொல்ல வேண்டும்.

எண் இருக்கும் இடங்கள்

நிண்டென்டோவின் பேமிகொம் 1983இல் ஜப்பானில் வந்தது. நம் வீடுகளில் ‘ரீவி கேம்’ என்று இருந்தவை அதன் தைவான், சீன நகல்கள். உள்ளமைப்பு ஒன்றே:

1. கைப்பிடி. எட்டுப் பொத்தான்கள். ஒவ்வொன்றும் அழுத்தப்பட்டிருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே பெட்டிக்குத் தெரியும்.

2. ரேம். வெறும் 2 கிலோபைற்று, அதாவது 2048 அறைகள். இப்போது எத்தனை உயிர், எத்தனை புள்ளி, எந்தக் கட்டம் என்பவை இங்கே. மின்சாரம் போனால் எல்லாம் அழியும்.

3. ரொம். கசற்றுக்குள் இருக்கும் சில்லு. கேமின் கட்டளைகளும் படங்களும் இங்கே. பெட்டியின் செயலி கட்டளைகளை 32768 முதல் 65535 வரையான முகவரிகளில் வாசிக்கிறது.

4. கோப்பு. கசற்றின் உள்ளடக்கத்தைக் கணினியில் எடுத்து வைத்தது. எமுலேற்றர், அதாவது பழைய பெட்டியைப் போல நடிக்கும் நிரல், வாசிப்பது இதைத்தான்.

ஒரு அறையில், அதாவது ஒரு பைற்றில், 0 முதல் 255 வரை ஓர் எண். சாதாரண தரத்தில் தகவல் தொழினுட்பம் படித்தவர்களுக்குப் பதினறும எண் நினைவிருக்கும். கீழே வாசிக்க இலகுவாகப் பெரும்பாலும் பதின்ம எண்ணையே தருகிறேன்.

உள்ளேயே வைத்துவிட்டுப் போன கோட்

மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. இதை எழுதியவர் கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோட்டோ. 1986இல் கிரேடியஸ் கேமைப் பேமிகொமுக்கு மாற்றியபோது, சோதித்துப் பார்க்கத் தன்னாலேயே ஆட முடியாத அளவு கடினமாக இருந்ததால், ஆயுதங்களை மொத்தமாகத் தரும் ஒரு வரிசையை உள்ளே போட்டார். அது எடுக்கப்படாமலே வெளியே போய்விட்டது. கொன்ட்ராவில் அதே வரிசை 30 உயிர் தருகிறது. இருவர் ஆடினால் ஏ-க்குப் பிறகு செலக்ட், ஸ்டார்ட்.

இந்த வகைக் கோட் எதையும் மாற்றுவதில்லை. கேமுக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒரு கதவைத் தட்டுகிறது. ஆகவே அந்தக் கதவு இருக்கும் பதிப்பில், அது இருக்கும் திரையில் மட்டுமே வேலை செய்யும். ‘400 இன் 1’ பெட்டியில் முப்பது உயிர் வராவிட்டால் பார்க்க வேண்டியவை:

- தலைப்புத் திரை வருகிறதா? பல தொகுப்புகளில் நிறுவனப் பெயரை மறைக்கத் தலைப்புத் திரையை வெட்டியிருப்பார்கள், அல்லது பட்டியலில் இருந்து நேரே முதல் கட்டத்துக்குப் பாய விட்டிருப்பார்கள். கதவு அந்தத் திரையில் இருந்தது. திரை போனால் கதவும் போச்சு.
- ஏ, பி இடம் மாறியிருக்கிறதா? மலிவுப் பெட்டிகளில் இது சாதாரணம். கடைசி இரண்டையும் மாற்றி அடித்துப் பாருங்கள்.
- டர்போப் பொத்தானை அழுத்துகிறீர்களா? டர்போ ஒரு அழுத்தலைப் பல அழுத்தலாக அனுப்பும். வரிசை அங்கேயே உடைந்துவிடும்.
- திசைப் பட்டையின் இறப்பர் தேய்ந்திருக்கிறதா? வலம் அழுத்தும்போது மேலும் சேர்ந்து பதிந்தால் வரிசை பிழைத்துவிடும்.

செய்தவர்களும் விளையாட்டுப் பேர்வழிகள்தான். சூப்பர் நிண்டென்டோவின் கிரேடியஸ் மூன்றில் பழைய வரிசையை அப்படியே அடித்தால் உங்கள் கப்பலே வெடிக்கும். இடம், வலம் என்ற இடத்தில் கைப்பிடியின் மேல் விளிம்பிலுள்ள தோள் பொத்தான்களை அழுத்த வேண்டும்.

கதவு எல்லாமே ஏமாற்று அல்ல. சூப்பர் மரியோவில் ‘கேம் ஓவர்’ ஆன பின் தலைப்புத் திரையில் ஏ-யைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் அழுத்தினால், செத்த உலகத்தின் முதல் கட்டத்திலிருந்து தொடரலாம். 8ஆம் உலகம் வரை போய் மறுபடி 1-1இல் (முதல் உலகத்தின் முதல் கட்டத்தில்) தொடங்கிய பலர் இதை அறியாமலே கேமை விட்டவர்கள். பழைய கணினியில் ஓடிய பிரின்ஸ் ஒப் பேர்சியாவிலும் இப்படி ஒன்று: ஷிப்ட்டையும் எல்-ஐயும் அழுத்தினால் அடுத்த கட்டம். ஆனால் நாலாம் கட்டம் வரைதான் விடும், மிச்ச நேரம் 15 நிமிடத்துக்கு மேலிருந்தால் 15ஆக வெட்டிவிடும். கேமுக்கு மொத்தமே 60 நிமிடம் என்பதால் அது இலவசமான உதவி அல்ல.

ரொம்மின் வாயில் கைவைப்பது: ஆறு எழுத்தின் உள்ளே

1990இல் வந்த கேம் ஜீனி என்ற கருவி பிரித்தானியாவின் கோட்மாஸ்டர்ஸ் வடிவமைத்தது; அமெரிக்காவில் கலூப் விற்றது. கசற்றுக்கும் பெட்டிக்கும் நடுவே செருகுவார்கள். செயலி ஒரு குறிப்பிட்ட முகவரியை வாசிக்கும்போது, கசற் தரும் எண்ணைத் தடுத்துவிட்டுத் தன் எண்ணைக் கொடுக்கும். கசற்றில் எதுவும் மாறாது. கருவியைக் கழற்றினால் எல்லாம் பழையபடி. இன்று எமுலேற்றர்களில் அதே எழுத்துகளை அப்படியே போடலாம்.

சூப்பர் மரியோவில் உயிர் குறையாமலிருக்கும் கோட்: எஸ், எக்ஸ், ஐ, ஓ, பி, ஓ (SXIOPO). இது என்ன மந்திரம் என்று பிரித்துப் பார்ப்போம்.

1. கேம் ஜீனி பயன்படுத்துவது 16 எழுத்து மட்டும்: ஏ, பி, இஸட், எல், ஜி, ஐ, ரி, வை, ஈ, ஓ, எக்ஸ், யூ, கே, எஸ், வி, என் (APZLGITYEOXUKSVN). இந்த ஒழுங்கில் 0 முதல் 15 வரை மதிப்பு. ஒவ்வொரு எழுத்தும் 4 பிற்று (ஒரு பிற்று 0 அல்லது 1; எட்டுப் பிற்று ஒரு பைற்று).

2. ஆறு எழுத்து என்றால் 24 பிற்று. முகவரிக்கு 15, புது எண்ணுக்கு 8, மீதி ஒன்று ‘இது ஆறு எழுத்தா, எட்டு எழுத்தா’ என்று காட்ட. பார்த்தவுடன் புரியாதபடி பிற்றுகளைக் கலைத்து வைத்திருக்கிறார்கள்.

3. கலைந்ததை ஒழுங்காக்கினால் மேலே உள்ள கோட் சொல்வது: முகவரி 37337இல் 173 என்று கொடு.

4. அந்த இடத்தில் கசற்றில் இருப்பது 206. அது ஒரு கட்டளை எண்: ‘பின்வரும் ரேம் அறையிலுள்ள எண்ணில் ஒன்றைக் கழி’. அதைத் தொடர்ந்து 90, 7 என்று இரண்டு பைற்று. 7ஐ 256ஆல் பெருக்கி 90ஐக் கூட்டினால் 1882. உயிர்கள் இருக்கும் ரேம் அறை அதுதான்.

5. 173 வேறொரு கட்டளை: ‘பின்வரும் அறையிலுள்ள எண்ணை வாசி’. கழிக்க வேண்டிய இடத்தில் கேம் சும்மா வாசித்துவிட்டுப் போகிறது. அடுத்த கட்டளை ‘எண் எதிர்மறையா?’ என்று பார்க்கிறது. குறையாத எண் எப்படி எதிர்மறையாகும்? ஆட்டம் தொடர்கிறது.

ஒரே ஒரு பைற்று. கழித்தலை வாசித்தலாக்கியது, அவ்வளவுதான். நல்ல சீற் எல்லாம் இந்த மாதிரி. உயிரைக் கூட்டுவதில்லை, கணக்குப்பிள்ளையின் பேனாவை எடுத்துவிடுகின்றன.

அந்த ‘எதிர்மறையா?’ என்ற சோதனையில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. 3-1இன் முடிவுப் படியில் ஆமையை மோதவிட்டு உயிரைக் கூட்டிக்கொண்டே போகும் பழைய வித்தை பலருக்குத் தெரியும். அறையில் உள்ள எண் 128ஐத் தாண்டிய பின் ஒருமுறை செத்தால் உடனே கேம் ஓவர். 128 முதல் 255 வரையுள்ள எண்களை அந்தச் சோதனை எதிர்மறை என்றே எடுத்துக்கொள்கிறது. பேராசைக்கு எல்லை 8 பிற்று.

கேம் ஜீனிக் கோட் பிசகும் இடங்கள் இரண்டு.

பதிப்பு வேறுபாடு. கட்டளைகள் ஒரு பைற்று தள்ளி இருந்தாலும் முகவரி வேறு. ஐரோப்பியப் பதிப்பில் அமெரிக்கக் கோட்டைப் போட்டால் ஒன்றுமே நடக்காது, அல்லது சம்பந்தமில்லாத ஒரு கட்டளை மாறி கேம் உறையும்.

ஜன்னல் மாறுவது. செயலிக்குத் தெரியும் முகவரி 32 கிலோபைற்று மட்டுமே, கொன்ட்ராவோ 128. ஆகவே கசற்றில் 16 கிலோபைற்றாக எட்டுத் துண்டுகள். 49152 முதல் மேலே ஒரு துண்டு நிரந்தரம். 32768 முதல் 49151 வரையுள்ள ஜன்னலில் மற்றவை மாறி மாறி வரும். ஜன்னல் பகுதியில் ஆறு எழுத்துக் கோட்டைப் போட்டால் எந்தத் துண்டு வந்தாலும் அதே இடத்தில் எண் மாறும். ஒரு துண்டில் அது உயிர்க் கணக்கு. இன்னொன்றில் அது கட்ட முடிவில் வரும் பெரிய அரக்கனின் படமாக இருக்கலாம். இதைத் தடுக்கத்தான் எட்டு எழுத்துக் கோட்: ‘அந்த இடத்தில் பழைய எண் இதுவாக இருந்தால் மட்டும் மாற்று’ என்று இன்னொரு 8 பிற்று. ஒரே பலனுக்கு இரண்டு கோட் கிடைத்தால் எட்டு எழுத்துள்ளதையே எடுங்கள்.

ரேமில் கைவைப்பது: நீங்களே தேடிக் கண்டுபிடிக்கலாம்

ஆக்‌ஷன் ரிப்ளே போன்ற கருவிகள் இன்னொரு வழியில் போயின: ரேம் அறையில் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டே இருப்பது. எமுலேற்றரில் ‘முகவரி, எண்’ என்று வரும் கோட்கள் இந்த வகை. கேம் ஜீனி எழுத்துகளை இந்தப் பெட்டியில் போட்டால் ஏற்காது. பலர் மணித்தியாலக் கணக்கில் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கோட் கிடைக்காத கேமுக்கு எஃப்சிஇயுஎக்ஸ், மெசென், ரெட்ரோஆர்ச் என்ற எமுலேற்றர்கள் மூன்றிலும் தேடும் வசதி உண்டு.

1. கேமைத் தொடங்கித் தேடலை ஆரம்பியுங்கள். 2048 அறையும் பட்டியலில்.
2. ஒருமுறை சாகுங்கள். ‘முன்பைவிட ஒன்று குறைவு’ என்று வடிகட்டுங்கள். பட்டியல் சட்டெனச் சுருங்கும்.
3. சாகாமல் சற்று நடந்து திரியுங்கள். ‘மாறவில்லை’ என்று வடிகட்டுங்கள். அசைவோடு மாறும் அறைகள் கழியும்.
4. இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். மூன்று நான்கு சுற்றில் ஓரிரு அறை மிஞ்சும்.
5. அதில் 9 என்று எழுதிப் பாருங்கள். திரையில் மாறினால் கிடைத்துவிட்டது. பிறகு உறைய வைக்கலாம்.

திரையில் தெரியும் எண்ணை அப்படியே தேடாதீர்கள். மரியோவில் திரை 3 என்று காட்டும்போது 1882ஆம் அறையில் இருப்பது 2. புள்ளி இன்னும் மோசம்: ஒவ்வோர் இலக்கத்துக்கும் தனி அறை. 1500 என்று தேடினால் ஆயுளுக்கும் கிடைக்காது.

உறைய வைப்பதில் பெரிய ஆபத்து, அந்த எண் பூச்சியமாக வேண்டிய வேளை வரும் என்பது. மரியோவின் நேரத்தை உறைய வைத்தவர்கள் கட்ட முடிவில் மாட்டுவார்கள். கொடிக்கம்பத்தில் இறங்கியதும் மிச்ச நேரத்தை ஒவ்வொன்றாகக் கழித்துப் புள்ளியாக்கி, பூச்சியம் வந்தால்தான் கேம் அடுத்த கட்டத்துக்குப் போகும். நீங்களோ ஒவ்வொரு படச்சட்டத்திலும் பழைய நேரத்தைத் திரும்ப எழுதுகிறீர்கள். புள்ளி ஏறிக்கொண்டே இருக்கும், மரியோ கோட்டை வாசலிலேயே நிற்பான். கொடியைத் தொட்டதும் சீற்றை அணைத்தால் போதும்.

உடல் பலத்தை உறைய வைத்தும் பள்ளத்தில் விழுந்து சாவதற்கும் காரணம் இதே மாதிரி. பெரும்பாலான கேம்களில் பள்ளம் உடல் பலத்தைத் தொடுவதே இல்லை. சாவுக்கான கட்டளைத் தொகுதியை நேரே கூப்பிடுகிறது.

சேவ் ஸ்டேட்டும் ரேமைத்தான் தொடுகிறது: முழு ரேமையும் செயலியின் நிலையையும் ஒரு கோப்பில் படம்பிடிப்பது. குதித்து நடுவானில் இருக்கும்போது, கீழே பள்ளம் என்ற நிலையில் சேமித்தால் அந்தச் சாவைத்தான் திரும்பத் திரும்பத் திறப்பீர்கள். மூன்று இடங்களைச் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்துங்கள். கரண்ட் நின்றால் முதலிலிருந்து என்ற பழைய தலைவிதிக்கு இது ஒன்றே மருந்து. பழைய கேம்களில் உங்கள் சாதனைகளைப் பதியும் ரெட்ரோஅச்சீவ்மென்ட்ஸ் போன்ற தளத்தில், உதவி இல்லாமல் ஆடும் ஹார்ட்கோர் முறையில் ஆடுகிறீர்கள் என்றால் சேவ் ஸ்டேட் திறப்பதும் சீற்றும் இயங்காது. பழுது என்று நினைக்க வேண்டாம்.

கை பழகிய வேகம்: 50 ஹேர்ட்ஸ்

‘கொம்பியூட்டரில் மரியோ வேகமாக ஓடுகிறான்’ என்பது மனப்பிரமை இல்லை. இலங்கைத் தொலைக்காட்சி ‘பால்’ (PAL) எனும் ஒளிபரப்பு முறை, நொடிக்கு 50 படச்சட்டம். அதற்கேற்ப வந்த நகல் பெட்டிகளும் 50இல் ஓடின. ஜப்பான், அமெரிக்கக் கேம்கள் 60க்கு எழுதப்பட்டவை, அசைவெல்லாம் சட்டக் கணக்கில். ஆகவே நம் வீட்டில் கேம் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடியது. எமுலேற்றர் அதை 60இல் ஓட்டுகிறது.

கடினத்துக்கு இது என்ன செய்கிறது? ஓர் எதிரி பாயும் முன் 12 சட்டம் அறிகுறி காட்டுகிறது என்று வையுங்கள். 60இல் அது 200 மில்லிநொடி, 50இல் 240. கண் பார்த்து விரல் அழுத்த மனிதருக்கு 200 முதல் 250 வரை வேண்டும். அந்த 40தான் தப்புவதற்கும் சாவதற்கும் இடையில் இருக்கிறது. அதன் மேல் இன்றைய தட்டைத் தொலைக்காட்சி, ‘கேம் மோட்’ போடாவிட்டால், படத்தை மெருகூட்டுவதில் இன்னும் பல சட்டங்களை விழுங்கும். பழைய குழாய்த் தொலைக்காட்சியில் அந்தத் தாமதம் இல்லை. வயது போய்விட்டது என்று கவலைப்படும் முன் இந்த இரண்டையும் பாருங்கள்.

எஃப்சிஇயுஎக்ஸிலும் மெசெனிலும் பிராந்தியத் தெரிவில் மூன்று உண்டு: என்டிஎஸ்சி (ஜப்பான், அமெரிக்க முறை), பால், டென்டி. டென்டி என்பது ரஷ்யாவில் விற்ற நகல் பெட்டியின் பெயர். 50 சட்டம், ஆனால் செயலி கிட்டத்தட்ட அசல் கடிகாரத்திலேயே, 1.77 மெகாஹேர்ட்ஸில் ஓடும். இசை மெதுவாகும், சுருதி இறங்காது. நம் ஊர்ப் பெட்டிகளுக்கு நெருக்கமானது அதுதான். ‘பால்’ என்பதைத் தெரிவு செய்தால் 1.66க்கு இறங்கிச் சுருதியும் தாழும், சில கேம்களில் படம் கிழியும்.

கோப்பையே மாற்றுவது: ரசிகர் திருத்தம்

மேலே பார்த்த ஒரு பைற்றைக் கோப்பில் நிரந்தரமாகவும் மாற்றலாம். 37337இல் 32768ஐக் கழித்து, கோப்பின் தொடக்கத்திலுள்ள தலைப்புப் பகுதிக்கான 16 பைற்றைக் கூட்டினால் 4585. கோப்பின் பைற்றுகளைப் பதினறும எண்ணாகக் காட்டித் திருத்த விடும் ஹெக்ஸ் எடிட்டரில், பூச்சியத்திலிருந்து எண்ணி, 4585ஆம் இடத்துக்குப் போனால் ‘சி, ஈ’ என்று நிற்கும் (206). அதை ‘ஏ, டி’ ஆக்கிச் (173) சேமித்தால் உங்கள் முதல் திருத்தம் தயார். அங்கே வேறு எண் இருந்தால் கைவைக்காதீர்கள். கோப்பு வேறு பதிப்பு.

ரசிகர்கள் வெளியிடுபவை இதன் பெரிய வடிவங்கள். உயிரையும் கண்டினியூவையும் கூட்டுபவை உண்டு. நிஞ்சா கெய்டன் மூன்றை ஜப்பான் எண்களுக்குத் திருப்புபவை உண்டு. எனக்கு மதிப்புக்குரியவை பிழை திருத்துபவைதான். 1991இன் பேட்டில்டோட்ஸ் அமெரிக்கப் பதிப்பில் இருவர் ஆடி 11ஆம் கட்டம் வந்தால், இரண்டாமவரின் கைப்பிடி வேலை செய்யாது. அவ்வளவு தூரம் போகிறவர்கள் குறைவு என்பதால் பலருக்குத் தெரியாமலே கிடந்த அநியாயம்! ரசிகர் திருத்தம் இதைச் சரிசெய்கிறது. எதிர்ப்பக்கத்தில் ‘கைசோ’ என்று பெயரில் வருபவை கேமை வேண்டுமென்றே கொடூரமாக்குபவை. உதவி தேடிப்போய் அதைத் தரவிறக்க வேண்டாம்.

திருத்தம் ஒரு முழுக் கேமாக வராது. வேறுபாடு மட்டும் கொண்ட சிறு கோப்பாக வரும். ஐபிஎஸ் என்ற பழைய வகையில் மூன்று பைற்று இடம், இரண்டு பைற்று நீளம், பிறகு போட வேண்டிய எண்கள், இப்படியே வரிசையாக. எந்தக் கோப்பின் மேல் போடுகிறோம் என்ற சோதனை அதில் இல்லை. உங்கள் கல்யாணப் படத்தின் மேல் போடச் சொன்னாலும் போடும். பிபிஎஸ் வகையில் மூலக் கோப்பின் சரிபார்ப்பு எண் உள்ளே இருப்பதால், பிழையான கோப்பு என்றால் மறுத்துவிடும்.

செய்முறை:

1. திருத்தத்துடன் வரும் குறிப்பில் எந்தப் பதிப்பு என்று பாருங்கள்: ஜப்பானா, அமெரிக்காவா, ஐரோப்பாவா, எத்தனையாவது மீள்பதிப்பு.
2. உங்கள் கோப்பின் சிஆர்சி32 அல்லது எஸ்எச்ஏ-1 எனும் சரிபார்ப்பு எண்ணை எடுத்துக் குறிப்பில் உள்ளதோடு ஒப்பிடுங்கள்.
3. கோப்பின் அளவைப் பாருங்கள். சூப்பர் மரியோ 40,976 பைற்று இருக்க வேண்டும். 40,960 என்றால் 16 பைற்றுத் தலைப்பு இல்லை. ஐபிஎஸ் அதைக் கவனிக்காது. ஒவ்வொரு எண்ணும் 16 இடம் தள்ளி விழும். கறுப்புத் திரைக்கு முதற்காரணம் இது.
4. ஒரு பிரதி எடுத்துவிட்டு, ஃபுளோட்டிங் ஐபிஎஸ் அல்லது லூனார் ஐபிஎஸ் கொண்டு பிரதியில் போடுங்கள். முன்பு திருத்தியதன் மேல் இன்னொன்று வேண்டாம். இரண்டும் ஒரே காலி இடத்தைப் பயன்படுத்தியிருக்கலாம்.
5. புதிதாகத் தொடங்குங்கள். பழைய சேவ் ஸ்டேட்டைத் திறந்தால் பழைய ரேம் புதிய கட்டளைகளோடு சேர்ந்து குழப்பும்.

கோப்பைத் தொடாமலும் செய்யலாம். ரெட்ரோஆர்ச்சில் திருத்தக் கோப்புக்குக் கேமின் அதே பெயரை வைத்து அதே கோப்புறையில் போட்டால், திறக்கும்போது தானே சேர்த்துக்கொள்ளும். பெயரில் ஓர் இடைவெளி மாறினாலும் சேராது, சத்தமும் போடாது.

கணினியில் ஓடி மலிவுக் கையடக்கத்தில் ஓடாவிட்டால், பெரிய திருத்தங்கள் கேமை நீட்டி வேறு வகைக் கசற் சுற்றுக்கு மாற்றியிருக்கும்; அந்தச் சுற்றை ஒற்றைச் சில்லுப் பெட்டி அறியாது. ‘400 இன் 1’ வகையில் பெரும்பாலும் நினைவகம் பலகையில் ஒட்டப்பட்டிருக்கும், அதில் எதையும் போட முடியாது. வாங்கும்போது மைக்ரோ எஸ்டி அட்டைக்கான வாய் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

இன்னும் பழைய கசற் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: உப்புவெளி, டைக் வீதி போன்ற கடலோர வீடுகளில் உப்புக் காற்றில் கசற்றின் 60 செப்புப் பற்களும் கறுக்கும். தொடர்பு விட்டால் எழுத்துகள் சிதறும், கேம் உறையும். கோட் பிழை போலவே தெரியும். வாயால் ஊதுவது ஈரத்தை ஏற்றிக் கறுப்பைக் கூட்டும். 90 வீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் அற்ககோலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்து, நன்றாக உலர விட்டுச் செருகுங்கள். உப்புத்தாள் வேண்டாம், முலாம் போய்விடும்.

சட்டம்

கேம் ஜீனி தொடர்பாகக் கலூபுக்கும் நிண்டென்டோவுக்கும் இடையே நடந்த வழக்கில், 1992இல் அமெரிக்க ஒன்பதாம் சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் கலூப் பக்கம் தீர்ப்பளித்தது: கருவி புதிய படைப்பொன்றை உருவாக்கவில்லை, ஆடும் நேரத்தில் மட்டும் விளைவை மாற்றுகிறது. அது அமெரிக்கத் தீர்ப்பு, இங்கே கட்டுப்படுத்தாது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களைப் பாதுகாக்கிறது. கேமையே திருத்திப் பகிர்வதும், அட்டையில் ஏற்றி விற்பதும் ஒரு பக்கம். வேறுபாட்டுக் கோப்பை மட்டும் பகிர்வது இன்னொரு பக்கம். ரசிகர்கள் ஐபிஎஸ், பிபிஎஸ் வடிவில் மட்டும் வெளியிடுவதற்குக் காரணம் இதுதான்.

தமிழில் ஒரு கேம் செய்யலாமா?

திருத்தம் கற்றவர்கள் அடுத்துக் கேட்பது இது. தடை மொழிபெயர்ப்பில் இல்லை, ஓட்டில் இருக்கிறது. பேமிகொம் திரை ‘ஓடு’ எனும் 8க்கு 8 புள்ளிச் சதுரங்களால் ஆனது. பின்னணிக்கு ஒரே நேரத்தில் 256 ஓடு. ஆங்கில எழுத்து ஓர் ஓட்டில் அடங்கும். ‘ணு’, ‘ஞூ’ வாசிக்கத் தெரிய வேண்டுமென்றால் 16க்கு 16, அதாவது நாலு ஓடு. 256ஐ நாலால் பிரித்தால் 64 எழுத்து. அகர வரிசைக்கு 18, உகர ஊகார வரிசைக்கு மட்டும் 36 தனி வடிவம், 54 போய்விட்டது. மிச்சம் பத்தில் உயிர் பன்னிரண்டும் கொம்பும் காலும் எப்படி அடங்கும்? பின்னணிப் படத்துக்கு ஓடே இல்லை.

ஆகவே முழு எழுத்தையும் ஏற்ற முயலாமல், அந்தத் திரையில் வரும் வசனத்துக்குத் தேவையான எழுத்துகளை மட்டும் ஓடாக்க வேண்டும். அதற்கு, கொன்ட்ரா போல ஓடுகளை ரேமில் ஏற்றிப் பயன்படுத்தும் கேம் நல்லது. திரைக்குத் திரை மாற்றலாம். மரியோ போல ஓடுகள் 8 கிலோபைற்று ரொம்மில் நிரந்தரமாக இருப்பதில் இருக்கும் ஆங்கில எழுத்து ஓடுகளை அழித்துத்தான் போட வேண்டும். அதில் தொடங்குபவர்கள் ‘கேம் ஓவர்’ என்ற ஒரே வரியை எடுத்துக்கொள்ளலாம். ‘முடிந்தது’ என்பதற்கு ஐந்து எழுத்து, இருபது ஓடு.